சந்தனம் காய்ந்த மவுஸ்

என் அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். அரக்கோணத்தில் கூட்ஸ் வண்டிக்கு கார்டு. ட்யூட்டி முடிந்து திருத்தணி வீட்டுக்கு வந்தாலும் மனுஷர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார். சாப்பாடு தாமதமானால், "இன்னா, இன்னும் சிக்னல் விழலியா?" என்பார். அக்கா கோபமாக இருந்தால், "ரெட்டு போட்டுகினு நிக்கறா, நான் அவுட்டர்லயே இருக்கேன்" என்று வாசலில் நின்றுகொள்வார். யார் எதைச் சொன்னாலும், நன்றாக இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பாவா பேச்சுக்கென்றே தனியாக ஒரு நோட்டு போட வேண்டியிருந்தது.

அந்த பாவாவிடம்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அரக்கோணத்தில் நான் வேலை பார்த்த ப்ரவுசிங் சென்டரை மூடிவிட்டார்கள். அங்கிருந்த நாலு பழைய கம்ப்யூட்டர்களை, "எடுத்துகினு போம்மா, வழிய அடைச்சிகினு கீது" என்று அந்த ஓனர் எனக்கே தந்துவிட்டார். நான் தட்டச்சு லோயர் பாஸ். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. சென்டரில் கெட்டுப்போனதைப் பிரித்து, பிரித்ததை மறுபடி மாட்டத் தெரியாமல் அழுது, அப்புறம் மாட்டிக் கற்றதுதான் எல்லாம். அந்தத் தைரியத்தில் அக்கா வீட்டு முன் ரூமில் நாலையும் வரிசையாக வைத்து, கம்ப்யூட்டர் க்ளாஸ் நடத்தப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

பாவா ஒரு நாள் சோதித்துப் பார்க்க வந்தார். ஒன்றைப் போட்டேன். அதில் ஏற்கெனவே ஏற்றியிருந்தது புது மிஷின்களுக்கென்று செய்த கனமான மென்பொருள். பாவம், அந்தக் கிழட்டு மிஷின் மூச்சு வாங்கியது. பாவா போய்க் குளித்துவிட்டு, தலை துவட்டி, விபூதி பூசிக்கொண்டு திரும்பி வந்தார். திரையில் மணல்கடிகாரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, நிலக்கரி வண்டிகூட இவ்ளோ நேரம் நிக்காதே!"

அதோடு விடவில்லை. மலையடிவாரத்தில், மொட்டை போட்டு வருகிறவர்களுக்குத் தொப்பி விற்கிற ஒருவர் பாவாவுக்குச் சிநேகிதர். கடை வைக்க எங்கள் முன் ரூமைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாவா எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தீர்ப்பு எழுதினார்.

"இந்தா பாரும்மா. விஜயதசமி அன்னிக்குப் படிக்க ஆள் வருவாங்கன்றே இல்ல? எட்டு பேர் வந்து குந்தணும். மதியம் பன்னெண்டு வரைக்கும் ஒருத்தர் எந்திரிக்கக் கூடாது. குந்தினா ரூம் உனுது. எந்திரிச்சா அவருது. இன்னா?"

"ஆங், பாவா."

"அப்பறம் மொகத்தைத் தூக்கி வெச்சுகினு அழக் கூடாது."

"நான் அழ மாட்டேன். நீங்கதான் சிநேகிதருக்கு பதில் சொல்ல முடியாம அழுவீங்க."

அக்கா சமையலறையிலிருந்தே சிரித்தாள்.

எட்டு பேரை நான் பேசியே பிடித்தேன். கோயில் படிக்கட்டு கிட்டே பூக்கடை வைத்திருக்கிற அக்கா ஒருத்தி. மலைமேல் மடப்பள்ளியில் நாலு தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்து மாமா ஒருவர். அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஆறு பேர் தாலுக்கா ஆபீசில் மனு எழுதுகிறவர்கள், மருந்துக்கடை, ஜவுளிக்கடை என்று கலந்துகட்டி. ஒரு மிஷினுக்கு இரண்டு பேர். ஆள் கிடைத்தாயிற்று, ஓடுகிற மிஷின்தான் கிடைக்கவில்லை.

ஆயுதபூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், அரக்கோணம் ஸ்டேஷன் புத்தகக்கடையில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினேன். அதோடு ஒரு சிடி ஒட்டியிருந்தது. லினக்ஸாம், மிஷினையே ஓட்டுகிற மென்பொருள். அதிலும் பழைய மிஷினுக்கென்றே செய்த இலேசான மேசைத்திரையாம், அதாவது டெஸ்க்டாப். ஸ்டேஷன் எதிரே சிடி பதிகிற கடைக்கு ஓடி நாலு நகல் போட்டுக்கொண்டு லோக்கல் வண்டியைப் பிடித்தேன். பெண்கள் பெட்டியில் உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. நின்றபடியே திருத்தணி வரைக்கும் அந்தப் பத்திரிகையைப் படித்தேன்.

ஆயுதபூஜை அன்று காலை ஆறு மணிக்கு முதல் சிடியைச் செருகினேன். கறுப்புத் திரையில் கடகடவென்று எழுத்து ஓடியது. அக்கா எட்டிப் பார்த்து, "என்னாடி, பேதி மாதிரி போவுது?" என்றாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேசைத்திரை வந்து நின்றுவிட்டது. மவுஸை நகர்த்தினேன், நகர்ந்தது. ஒரு ஜன்னலைத் திற என்றேன், திறந்துவிட்டு அடுத்தது என்ன என்பதுபோல நின்றது. அதே கிழம்தான், அதே மூச்சு வாங்கிய கிழம்! நாற்காலியிலேயே குதித்தேன். நாற்காலிக்கு ஒரு கால் ஏற்கெனவே ஆட்டம், அதுவும் கூடக் குதித்தது.

அப்புறம் எனக்குப் பித்து பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் பின்னணிப் படம். அதில் வந்தது ஏதோ வெளிநாட்டு ஏரி. நம்ம ஊர் மிஷினுக்கு எதற்கு அந்த ஏரி? சென்டரில் ஸ்கேன் செய்து ஃப்ளாப்பியில் வைத்திருந்த மலைக்கோயில் படத்தை எடுத்துப் போட்டேன். அடுத்தது மெனு. இந்த மேசைத்திரையில் மெனு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. திறந்து ஒரு வரியை மாற்றினால் பெயர் மாறிவிடும். எழுதுகிற மென்பொருளுக்கு 'எழுத' என்று வைத்தேன். வரைகிறதற்கு 'கிறுக்க' என்று வைத்தேன். நிறுத்துவதற்கு 'கடைய சாத்து'. முதலில் தமிழுக்குப் பதில் பெட்டி பெட்டியாகத்தான் வந்தது. ஃப்ளாப்பியிலிருந்த எழுத்துருவை அதற்கான இடத்தில் போட்டதும் பெட்டிகள் எல்லாம் உடைந்து உள்ளேயிருந்து எழுத்து வெளியே வந்தது. எனக்கு விசிலடிக்கத் தெரியாது, அன்று அடித்தேன். காற்றுதான் வந்தது.

ஒன்றைச் செய்து, அதே மாதிரி நாலிலும் செய்தேன். பதினோரு மணிக்கு நாலு திரையிலும் நாலு மலை. எழுந்து நின்று பார்த்தேன். ஒரே சாயலில் நாலு மகள்களுக்கு ஒரே மாதிரி பாவாடை தைத்துப் போட்ட தாய் மாதிரி இருந்தது எனக்கு.

அப்போது பூசணிக்காயும் பொரியுமாக பாவா உள்ளே வந்தார். பின்னாலேயே சந்தனக் கிண்ணத்தோடு அக்கா.

"நிறுத்து எல்லாத்தையும். தொடைச்சு பொட்டு வைக்கணும்."

"யக்கா, ஓடிகினே இருக்கட்டுமே, பாக்க அழகா கீது."

"கத்தரிக்கோலு, அருவாமனை எல்லாத்துக்கும் இன்னிக்கு லீவு. இதுக்கு மட்டும் இன்னா ஓவர்டைமா?"

நியாயம்தான். நாலையும் நிறுத்தினேன். அக்கா ஈரத்துணியால் துடைத்து ஒவ்வொரு திரைக்கும் சந்தனம் வைத்து குங்குமம் வைத்தாள். கீபோர்டுக்கு ஒன்று. மவுஸுக்கும் ஒன்று. மவுஸைப் பார்த்ததும் அவளுக்குப் பிள்ளையார் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கைநிறையவே வைத்தாள். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலை வரைக்கும் தொடக் கூடாது. நானும் தொடவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திரைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனேன். பூஜையன்று பாவாவிடம் பேச்சு கொடுக்கவும் இல்லை, நாளைக்குப் பார்க்கட்டும் என்று ஒரு மிதப்பு.

மறுநாள் காலை எட்டரைக்குக் கற்பூரம் காட்டி, பூவை எடுத்து, நாலையும் போட்டேன்.

நாலிலும் வெளிநாட்டு ஏரி.

மெனுவைத் திறந்தேன். இங்கிலீஷ். எழுதவும் இல்லை, கிறுக்கவும் இல்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நான் எதையும் மிஷினுக்குள் ஏற்றவே இல்லை. சிடியிலிருந்தபடியே ஓட்டியிருக்கிறேன். மிஷின் ஓடுகிற வரைக்கும் நான் செய்ததெல்லாம் அதன் நினைவில் இருக்கும். நிறுத்தினால் போச்சு. வாடகைக்குப் பந்தல் போட்டு, தோரணமும் கட்டி, பந்தல்காரன் பிரித்துக்கொண்டு போகும்போது தோரணத்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகிற மாதிரி. பத்திரிகையில் அதை எழுதியிருந்தான், கடைசிப் பக்கத்தில். நான் அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் திருத்தணி வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

"யக்கா, எல்லாம் போச்சு!"

"இன்னா போச்சு? மிஷின் ஓடுதே?"

"ஓடுது. ஆனா நேத்து பண்ணதெல்லாம் போச்சு. தமிழ் போச்சு, மலை போச்சு."

அக்கா ஜன்னலைத் திறந்து வெளியே காட்டினாள். "மலை அங்கதான் கீது. ஒப்பாரி வெக்காத. ஆளுங்க வர்றாங்க பாரு."

ஒன்பது மணிக்கு எட்டு பேரும் வந்துவிட்டார்கள். பூக்கடை அக்கா எல்லா மிஷினுக்கும் ஒரு முழம் கதம்பம் கொண்டுவந்திருந்தாள். மடப்பள்ளி மாமா ஒரு தொன்னையில் புளியோதரை. வாசற்படியில் பாவா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில், அலமாரிக்கு அளவெடுக்க டேப்போடு தொப்பிக்கடைக்காரர் வந்து நின்றார். பன்னிரண்டுக்கு வரச்சொன்னால் ஒன்பதுக்கே வருகிற ஆள்.

மூன்று மணி நேரம் இவர்களை உட்கார வைக்க நான் நினைத்திருந்தது, நாலு மலையைக் காட்டி, தமிழ் மெனுவைக் காட்டி, ஒவ்வொன்றாகத் தொடச் சொல்வது. இப்போது காட்ட ஏரிதான் இருக்கிறது. அந்த ஏரியில் நானே விழுந்துவிடலாம் போல இருந்தது.

"எல்லாரும் மவுஸைப் புடிங்க. இடது பக்கத்து பட்டனை அமுக்குங்க," என்றேன்.

மூன்று மிஷினில் அமுங்கியது. பூக்கடை அக்காவின் மிஷினில் அமுங்கவில்லை. நேற்று என் அக்கா அப்பிய சந்தனம் காய்ந்து, இடது பட்டனைச் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது, கல்லு மாதிரி கீது? ஏம்மா, இந்தாண்டது நல்லா கீதே, இத்த அமுக்கறேன்," என்று வெறும் திரையில் வலது பட்டனை அமுக்கினாள்.

கை வைத்த இடத்திலேயே மெனு விரிந்தது.

"அய்யோ! தொட்ட எடத்துலயே தட்டு நீட்டுது!"

எல்லாரும் திரும்பினார்கள். எனக்கே அது புதுசு. நேற்றெல்லாம் நான் கீழே மூலையிலிருந்த பொத்தானைத்தான் தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் இங்கிலீஷ் படிக்க மாட்டாள். பூ பொறுக்குகிற விரலோடு கீழே போய், அம்புக்குறி இருக்கிற இடத்திலெல்லாம் நுழைந்து, ஏதோ ஒரு வரியில் விட்டாள். ஜன்னல் விளிம்பு, கீழ்ப்பட்டை, பொத்தான் எல்லாம் ஒரே நொடியில் பச்சையாகிவிட்டது. தோற்றம் மாற்றுகிற பட்டியலில் கை வைத்திருக்கிறாள்! இன்னொன்றை விட்டாள். நீலம். இன்னொன்று. சாமந்தி மஞ்சள்.

"மாமா, பாருங்க, நம்ம கடை!"

அவ்வளவுதான். "எனக்கும் வேணும்" என்று எட்டு பேரும் வலது பட்டனில் விழுந்தார்கள். ரூமுக்குள் நாலு திரையும் திருவிழாக் கடைத்தெரு மாதிரி மாறி மாறி மின்னின. ஜவுளிக்கடைக்காரர் ரோஸ் வேண்டும் என்கிறார். அவரோடு ஒரே மிஷினில் உட்கார்ந்திருந்த மனு எழுதுகிறவர், "இன்னாங்க, தாலுக்கா ஆபீஸ் மனுவ ரோஸ்ல எழுதினா ஆர்டர் போடுவானா?" என்கிறார். இவர் ரோஸ் வைப்பதும் அவர் சாம்பல் வைப்பதுமாக, மவுஸ் அவர்கள் நடுவில் சின்னதாக இழுபட்டது.

மடப்பள்ளி மாமா மட்டும் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"ஏன்டிம்மா, இந்தப் பட்டை கீழே இருக்கே. எங்காத்துல அடுப்புக்கு மேலதான் எல்லாம் மாட்டியிருக்கும். குனிஞ்சு எடுக்கப்படாது. இத மேல ஏத்த முடியுமோ?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. நேற்று மெனுவை மாற்றினபோது பக்கத்தில் இன்னொரு கோப்பைப் பார்த்த ஞாபகம் இருந்தது. அதைத் திறந்தேன். பட்டை மேலே இருக்கட்டுமா என்று ஒரு வரி, அதன் முடிவில் பூஜ்யம். மாமாவையே அழித்து ஒன்று போடச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, புளியோதரை வாசம் அடிக்கிற விரலால் ஒன்றை அமுக்கினார். மிஷினை நிறுத்தாமல் மேசைத்திரையை மட்டும் திரும்பத் துவக்கினேன். பட்டை உச்சிக்கு ஏறி நின்றது.

"முருகா!" என்றார் மாமா. அப்புறம் என்னைப் பார்த்து, "ஒரே ஒரு ஒண்ணுக்கா இவ்வளவு?" என்றார்.

சிரிக்கச் சிரிக்க எனக்குக் கண்ணில் தண்ணீர். எட்டு பேரும் அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கிப் பார்ப்பது, ஒன்றைப் பூஜ்யமாக்கிப் பார்ப்பது, எது வருகிறது என்று கத்துவது. மருந்துக்கடைப் பெண்ணுக்குப் பட்டையே காணாமல் போய்விட்டது. அது கிடைத்ததும் அவளுக்குக் கைதட்டினார்கள். நான் க்ளாஸ் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. மிஷினுக்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்தேன்.

வாசற்படியிலிருந்த பாவா எப்போது உள்ளே வந்தார் என்று பார்க்கவில்லை. பூக்கடை அக்காவின் தோளுக்கு மேலே குனிந்து நின்றார்.

"இன்னாது, கீழ ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நெம்பர் போட்டுகீது?"

"அது நாலு மேசை பாவா. ஒரே திரைதான், ஆனா நாலு இடம். ஒண்ணுல வெச்ச ஜன்னலை இன்னொண்ணுக்கு அனுப்பலாம்."

"அனுப்பலாம்னா?"

ஒரு ஜன்னலின் தலையில் வலது பட்டனை அமுக்கி, மூன்றாம் இடத்துக்கு அனுப்பினேன். இங்கே மறைந்தது. மூன்றை அமுக்கினேன், அங்கே நின்றது.

பாவா வாயைப் பொத்திக்கொண்டார். "அட, இது கூட்ஸ் யார்டு! நாலு லைன். இத நீ எனக்குச் சொல்லவே இல்லியே!"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு ஜன்னலைத் திறந்தார். இரண்டை முதல் லைனில் நிறுத்தினார். ஒன்றைக் கழற்றி நாலுக்கு அனுப்பினார். திரும்பக் கொண்டுவந்து கோத்தார். வாயால் 'கூ' என்று வேறு. "நகருங்கண்ணா, எங்க மிஷின் அது," என்று பூக்கடை அக்கா தள்ள, "இரும்மா, பாதி ஷண்ட்டிங்ல வுட்டுட்டு எப்படிப் போறது?" என்று இவர் தள்ள, தொப்பிக்கடைக்காரர் டேப்பை நீட்டினபடி சுவரோரம் நின்றிருந்தார்.

பதினொன்றேகால் இருக்கும். கரண்ட் போனது.

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. நாலு திரையும் கறுத்துவிட்டன. எங்களிடம் யூபிஎஸ் கிடையாது. சாமந்தி மஞ்சள், ரோஸ், மேலே ஏறிய பட்டை, பாவாவின் நாலு லைன், எல்லாம் போச்சு. எனக்கு மட்டுமே அது தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன்.

"கரண்ட் வந்தாலும் நீங்க வெச்சது எதுவும் இருக்காதுங்க. முதல்ல இருந்து வைக்கணும். என் தப்புதான்."

தொப்பிக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப அளவெடுக்கலாமா?"

இன்னும் முக்கால் மணி நேரம். உட்கார்ந்திருக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது? இருட்டுத் திரையும் வியர்வையும்தான். மனு எழுதுகிறவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். போச்சு, எழுந்திருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

எழுந்திருக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரரை நேராகப் பார்க்க நாற்காலியைத் திருப்பியிருக்கிறார். "இப்ப சொல்லிட்டேன், கரண்ட் வந்தா நான்தான் முதல்ல வைப்பேன். சாம்பல்."

"அதெப்படிங்க? ஆளுக்குப் பாதி நேரம்!"

"பாதி நேரம் ரோஸு, பாதி நேரம் சாம்பலா? பாக்கறவன் சிரிப்பான்."

பூக்கடை அக்கா, "கொஞ்ச நேரம் வாய மூடுங்கைய்யா, நான் எந்த வரியில வுட்டேன்னு நெனப்பு பண்ணிகினு கீறேன். கீழ இருந்து மூணாவதா, நாலாவதா?" என்று விரலைக் காற்றில் நகர்த்தினாள். மாமா தொன்னையைப் பிரித்து எல்லாருக்கும் புளியோதரை உருட்டிக் கொடுத்துக்கொண்டே, "எனக்குப் பாடமாயிடுத்து. அந்த வரி, பூஜ்யம், ஒண்ணு. கரண்ட் வரட்டும், நானே போடறேன்," என்றார். மருந்துக்கடைப் பெண் என்னிடம் ஒரு தாள் வாங்கி, யார் யாருக்கு எந்த நிறம், பட்டை எங்கே என்று எழுத ஆரம்பித்தாள். சண்டையும் சோறுமாக ரூம் முழுக்க ஒரே சத்தம். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை.

என் அக்கா உள்ளேயிருந்து விசிறியோடு வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாயைத் திறக்காமல் புருவத்தை மட்டும் தூக்கினாள். பன்னிரண்டு ஐந்து.

தொப்பிக்கடைக்காரர் பாவாவின் தோளைத் தொட்டார். "இன்னாப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்றே?"

பாவா கறுப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எட்டு பேரும் குந்திகினு கீறாங்க. கண்ணு தெரியுதில்ல?"

"கரண்டே இல்லாத ரூம்ல குந்திகினு கீறாங்க!"

"நான் குந்தணும்னுதான் சொன்னேன். கரண்டப் பத்திப் பேசலியே. பின்னாண்ட தெருவுல ஒரு ரூம் காலியா கீது. சாப்ட்டு வா, ரெண்டு பேருமா போய்ப் பாக்கலாம்."

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போகும்போது, மாமா அவர் கையிலும் ஒரு உருண்டை வைத்தார்.

கரண்ட் ஒரு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் நான் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை மூன்று தரம் படித்து முடித்திருந்தேன். மிஷினுக்குள்ளேயே ஏற்றுவது எப்படி என்று அதில்தான் இருந்தது. முதலில் எதில் ஏற்றுவது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எட்டு பேரும் பாவாவும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.